மூன்று றைற்றும் ஒரு ட்ரெயிலரும்

எங்கள் ஆட்களுக்குச் சனி, ஞாயிறு என்று தனியாக இரண்டு நாட்கள் கிடையாது. கொண்டாட்ட ஹோல் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கிழமை பிறந்தநாள், மறு கிழமை பூப்புநீராட்டுச் சாமத்தியவீடு, அதற்கடுத்த கிழமை கலியாணம். கனடாவின் ஸ்காபரோவில் எந்த ஹோலில் எந்த மூலை கூடுதலாகக் குளிரும், எந்த ஹோலில் கட்லட் முன் மேசைகளோடேயே முடிந்துபோகும் என்று என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் காலமை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நாங்கள் ஒரு காம்ப்பர் ட்ரெயிலர் வாங்குவம்" என்று அறிவித்தேன்.

மனிசி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "என்னத்துக்கு?"

"எங்கட வானுக்குப் பின்னால கொளுவி இழுத்துக்கொண்டு, வீக்கெண்டில காட்டுப் பக்கம் போய்ப் படுத்திட்டு வரலாம்."

"காட்டுக்கை படுத்தது காணாதே? அப்ப சும்மா படுத்தனாங்கள். இப்ப காசு குடுத்தோ?"

சண்டைக்குள் ஊரை விட்டு ஓடின காலத்தைத்தான் அவ சொன்னா. அதோடு அவ விடவுமில்லை. அஜின்கோர்ட்டில் இருக்கிற தன் தாய்க்கு உடனே போன் எடுத்து, "அம்மா, இவர் காம்ப்புக்குப் போகப் போறாராம்" என்றா. மறுமுனையில் மாமி அலறியது எனக்கே கேட்டது. "ஐயோ பிள்ளை, ஆர் பிடிச்சது?" மாமியின் அகராதியில் காம்ப் என்றால் ஆமிக்காரன் இருக்கிற இடம். அங்கே ஆரும் விரும்பிப் போனதாக அவ கேள்விப்பட்டதில்லை.

சிரித்து முடிந்த பிறகும் என் ஆசை அங்கேயே இருந்தது. யோசித்துப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான் வாங்கினதெல்லாம் தேவைக்கு வாங்கினவை. வேலைக்குப் போகக் கார். செத்துப்போகாமலிருக்க ஜக்கெற். வருகிற ஆட்கள் பார்க்கச் சோபா. அந்தச் சோபாவில் இன்னும் நான் சரியாகச் சாய்ந்துகூட இருந்ததில்லை. இந்த ட்ரெயிலர் ஒன்றுதான் ஒரு காரணமுமில்லாமல், வேணும் என்பதற்காகவே நான் கேட்ட சாமான். அதனால்தான் விட மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மனிசியின் தம்பி உள்ளே வந்தான். அவன் பிறம்ரனில் இருந்துகொண்டு பெரிய ட்ரக் ஓடுகிறவன். தெருவை அடைத்துக்கொண்டு வருமே, அந்த நீளம். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அத்தான், நீங்கள் தோசைக்கடை பார்க்கிங்கிலயே பின்னால எடுக்கப் பயந்து கடைசி மூலையில கொண்டுபோய் விடுற ஆள். ட்ரெயிலரைப் பின்னால விடப் போறியளோ?"

"ஏன், நீ விடேல்லையோ?"

"நான் பழகினனான். சரி, வாங்குங்கோ. கெதியா நானே வந்து அதை இழுத்துக்கொண்டு போறன். எனக்கும் ஒண்டு வேணும்தான்."

மனிசிக்கு அதில் ஒரு தீர்ப்புக் கிடைத்துவிட்டது. "அப்ப இப்பிடிச் செய்வம். முதல் பயணத்தில, வெளியாள் ஒருத்தரும் கை வைக்காமல், நீங்களே அதைப் பின்பக்கமாய் நிப்பாட்டுற இடத்துக்கை விடவேணும். விட்டால் வைச்சிருங்கோ. விடாட்டித் தம்பியிட்டக் குடுக்கிறது. சரியோ?"

"சரி" என்றேன். ட்ரெயிலரைப் பின்னால் விடுவது என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு கம்பீரமாகச் சொல்லியிருக்க மாட்டேன். பிறகு மச்சானிடம் இரகசியமாகப் பழக்கித் தரும்படி கேட்டதும் உண்மை. "நான் பழக்கினால் எனக்கு எப்பிடி அது வரும், அத்தான்?" என்றான். நியாயமான கேள்வி.

விட்பிக்கு வடக்கே, வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றிடம் வாங்கினோம். முட்டை மாதிரி உருண்ட வெள்ளை ட்ரெயிலர், இடுப்பில் நீலக் கோடு. உள்ளே ஒரு காஸ் அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி, மடித்தால் கட்டிலாகிற மேசை. விற்கிற மனிதர் எல்லாம் காட்டி முடித்து, இதற்கு முன் ஒன்றைப் பின்னால் எடுத்த அனுபவம் உண்டோ என்று கேட்டார். நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் இந்த நாட்டில் பல இன்ரவியூக்களில் தேறியிருக்கிறேன்.

முன்னால் ஓடுவதே ஒரு கதை. 401 நெடுஞ்சாலையில் கடைசி லேனில், எல்லோருக்கும் வழிவிட்டு, பக்கத்தால் ட்ரக் போகும்போதெல்லாம் ஒரு ஆட்டம் ஆடி, வியர்த்து வழிந்துகொண்டு நான் வானை ஓட்டினேன். கண்ணாடியில் பார்க்கிற நேரமெல்லாம் அது பின்னால் வந்துகொண்டிருந்தது. யன்னல், திரைச்சீலை, கதவு எல்லாத்தோடும்.

"இஞ்சேரும்," என்றேன், "நாங்கள் வீட்டை விட்டு ஓடின சனம். இப்ப பாரும், வீடு எங்களுக்குப் பின்னால ஓடி வருது."

"நீங்கள் றோட்டைப் பாருங்கோ," என்றா மனிசி. "வீட்டை நான் பாக்கிறன்."

ஆனாலும் தன் பக்கக் கண்ணாடியில் அவ அடிக்கடி பார்த்ததை நான் பார்த்தேன்.

புது வாகனம் என்றால் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் முடியுமா? கொண்டுபோனோம். ஐயர் தட்டோடு வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பொட்டு வைக்க முகம் இல்லை. எஞ்சினும் இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர் அடுப்பைக் கண்டுவிட்டார்.

"இது வாகனமோ, வீடோ?" என்று கேட்டார்.

"இழுக்கேக்கை வாகனம், நிப்பாட்டினால் வீடு" என்றேன்.

"அப்ப ரெண்டையும் செய்திடுவம்."

சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். அதன் பிறகு, கோயில் பார்க்கிங்கிலேயே, ட்ரெயிலருக்குள் பால் காய்ச்சினோம். பால் பொங்கி அடுப்பை நனைக்க, எங்கள் மகள் வாசலில் நின்று வீடியோ எடுத்தாள். அவள் இங்கே பிறந்து வளர்ந்து இப்போது பல்கலைக்கழகம் போகிறவள். "அப்பா, திஸ் இஸ் சோ எக்ஸ்ட்றா" என்றாள். அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பயணம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். வடகிழக்கே, ஏரிக்கரையில் ஒரு காம்ப்பிங் இடம். மகள், மனிசி, நான். எங்களுக்குத் தந்த இடம் பைன் மரங்களுக்கிடையில் சரளைக்கல் போட்ட ஒரு சின்னத் துண்டு. ஒரு பக்கம் மர மேசை, மறு பக்கம் பெரிய மரம், ஓரத்தில் ஒரு மின்சாரக் கம்பம். அதற்குள்ளே பின்பக்கமாக விட வேண்டும். அவ்வளவுதான். கையில் பத்திரம் இல்லாவிட்டாலும் பால் காய்ச்சின வீடல்லவா, மச்சானுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா?

ட்ரெயிலர் ஒன்று பின்னால் போகத் தொடங்கினால் காம்ப்பிங்காரருக்கு அது படம் மாதிரி. எதிர்ப்பக்கத்து வெள்ளைக்காரர் இரண்டு பேர் மடக்குக் கதிரையைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஒருவர் கையில் சோளப்பொரிகூட இருந்தது.

மனிசி மேசைப் பக்கம் நின்றா. மகள் மரத்துப் பக்கம். நான் கியரைப் போட்டேன்.

"றைற்!" என்றா மனிசி. "றைற், றைற், றைற்!"

நான் வலப்பக்கம் திருப்பினேன்.

"நோ, நோ! அப்பா, லெஃப்ட்!" என்று கத்தினாள் மகள்.

"றைற் எண்டுறன், வாங்கோ!"

"அம்மா, நொட் ரைட்!"

ட்ரெயிலர் என்ன செய்தது என்றால், நான் திருப்பினதற்கு எதிர்ப்பக்கம் போனது. ட்ரெயிலரின் குணமே அது. வலம் போக வேண்டும் என்றால் ஸ்ரியறிங்கை இடம் திருப்ப வேண்டும். பதறிப்போய் மறுபக்கம் திருப்பினேன். இப்போது ட்ரெயிலரும் வானும் ஒன்றை ஒன்று முறைத்துப் பார்க்கிற மாதிரி மடிந்து, பாதையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றன. பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"றைற், றைற்..." மனிசியின் குரல் மட்டும் நிற்கவில்லை. திடீரென்று, "ஹோல்ட்!"

அப்படியே நசித்தேன் பிறேக்கை. ட்ரெயிலரின் மூலைக்கும் மின்சாரக் கம்பத்துக்கும் இடையில் ஒரு சாண்.

அந்த "ஹோல்ட்"டில்தான் எனக்கு விளங்கியது. ஊரில் மினிபஸ் பின்கதவில் தொங்குகிற கொண்டக்டர் "றைற்" என்றால் போ, "ஹோல்ட்" என்றால் நில். மனிசி அவ்வளவு நேரமும் இடம் வலம் எதையும் சொல்லவேயில்லை. "வா, வா, வரலாம்" என்றுதான் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறா. மகளின் ரைட் கனடா ரைட், அதாவது வலப்பக்கம். அதுவும் நான் பின்னால் திரும்பி அவளைப் பார்ப்பதால் அவளுடைய வலம், எனக்கு இடம். மூன்றாவது றைற் ஸ்ரியறிங்கினுடையது, அது எப்போதும் தலைகீழ். மூன்று றைற்றும் சேர்ந்து ஒரு மனுசனைக் கம்பத்தில் ஏற்றப் பார்த்தன.

இறங்கி நின்றேன். சோளப்பொரிக்காரர் எழும்பி வந்தார். நல்ல மனிதர், உண்மையில் நல்ல மனிதர். தான் முப்பது வருசமாக இதைச் செய்கிறாராம், வேண்டுமென்றால் ஒரு நிமிடத்தில் தானே விட்டுத் தருகிறாராம். சாவிக்காகக் கையையும் நீட்டினார்.

சாவி என் கையில் இருந்தது. பிக்கப்காரர் ஹோர்ண் அடிக்கவில்லை, ஆனால் அடிக்க நினைத்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். வெளியாள் கை பட்டுவிட்டால் ட்ரெயிலர் பிறம்ரனுக்குத்தான். நான் மனிசியைப் பார்த்தேன். "குடுங்கோ" என்று அவ சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். சத்தியமாய்.

அவ அந்த மனிதரைப் பார்த்து, "நோ தாங்க்ஸ்" என்றா. பிறகு என்னைப் பார்த்து, "றைற் எண்ட சொல்லை இனி ஒருத்தரும் சொல்லப்படாது" என்றா.

"லெஃப்ட்டும் வேண்டாம்" என்றாள் மகள்.

"அப்ப என்னெண்டு சொல்லுறது?"

மனிசி மேசையைக் காட்டினா. "உது மேசை." மரத்தைக் காட்டினா. "உது மரம். மேசை எண்டால் மேசைப் பக்கம், மரம் எண்டால் மரத்துப் பக்கம். வா எண்டால் வா. ஹோல்ட் எண்டால் ஹோல்ட். இதுகூட விளங்காட்டி நீங்கள் தம்பியிட்டையே குடுங்கோ."

முதலில் வானை முன்னால் எடுத்து எல்லாத்தையும் நேராக்கி, வழி விட்டேன். பிக்கப் இரண்டும் போயின. முந்தி ஒரு வீடியோவில் பார்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையை ஸ்ரியறிங்கின் மேலே வைக்காமல் அடியில் வைத்துக்கொண்டால், கை போகிற பக்கமே ட்ரெயிலரும் போகும். மேசை என்றால் கை மேசைப் பக்கம். மரம் என்றால் கை மரத்துப் பக்கம். இடமும் இல்லை, வலமும் இல்லை, தலைகீழும் இல்லை.

"வா... வா... மேசை. இன்னும் மேசை. அப்பா, மேசை!"

"மரம்! கொஞ்சமாய் மரம். காணும். வா, வா."

"மேசை, லைக், எ லிட்டில் மேசை."

கதிரைக்காரர் இரண்டு பேருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ட்ரெயிலர் உள்ளே போய்க்கொண்டிருந்தது விளங்கியது. சோளப்பொரிக்காரர் எழும்பியே நின்றுவிட்டார். மகள் "மேசை" என்று கத்தும்போது தானும் மெல்ல "மேசாய்" என்றதை நான் யன்னலால் கேட்டேன். மரம் கண்ணாடியில் நிதானமாகப் பெருத்தது. சரளைக்கல் கரகரத்தது.

"ஹோல்ட்!" இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கைதட்டினார்கள். இந்த நாட்டில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது அதுவரை ஒரே ஒரு தரம், குடியுரிமை எடுத்தபோது. அப்போதும் அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள். இது எனக்கு மட்டும். இல்லை, அதுவும் சரியில்லை, எங்கள் மூன்று பேருக்கும். இறங்கி வானைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். தேவையில்லாமல் ஒரு சில்லைக் காலால் தட்டிப் பார்த்தேன். தெரிந்த ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள்.

மச்சான் வீடியோ கோலில் வந்தான். இவ்வளவு நேரமும் காத்திருந்திருக்கிறான்.

"என்ன மாதிரி, அக்கா? எப்ப வந்து இழுக்கிறது?"

மனிசி போனைத் திருப்பி ட்ரெயிலரைக் காட்டினா. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். தொழில்காரன் அல்லவா, குற்றம் கண்டுபிடிக்காமல் விடுவானா?

"ஆர் விட்டது? பக்கத்து வெள்ளையோ?"

"உன்ர அத்தான்."

"சும்மா சொல்லாதையுங்கோ. சரி, விட்டது சரி. ஆனால் ஒரு பக்கம் சரிஞ்செல்லோ நிக்குது. கீழ பலகை வைக்கேல்லையோ?"

உண்மை. சில்லுக்குக் கீழே வைத்து மட்டம் பார்க்கிற பலகைகள் வீட்டுக் கராஜில் பத்திரமாக இருந்தன.

"சரிஞ்சு நிண்டால் உனக்கென்ன?" என்றா மனிசி. "அது எங்கட ட்ரெயிலர், நாங்கள் சரிஞ்சு இருப்பம். நீ வேற ஒண்டு பார்."

போனை வைத்துவிட்டு உள்ளே போய் அடுப்பை மூட்டினா. கொண்டு வந்த இடியப்பத்தைச் சூடாக்கினா, சொதி வைத்தா. மகள் உள்ளே இருந்த மடக்கு மேசையை விரித்தாள். சாப்பாட்டுக் கோப்பையில் சொதி முழுக்க ஏரிப் பக்கம் ஒதுங்கி நின்றது. மூன்று பேரும் கோப்பையைத் திருப்பித் திருப்பி, இடியப்பத்தைச் சொதி இருக்கிற பக்கம் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்திருந்தேன்.

"சொதி இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்டா மனிசி.

"ஓம்," என்றேன். "மேசைப் பக்கம்."