இரண்டாவது ஆட்டக்காரர்

இது கதை இல்லை. நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு நடந்தது.

நம்பாதவர்கள் ஸ்க்ரூ அண்ணனின் பட்டறைக்குப் போய்ப் பார்க்கலாம். காசு போட்டு ஆடுகிற பழைய வீடியோ கேம் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். ஒல்லி உடம்பு. முன்பெல்லாம் பின்கதவைத் திறந்து, பாம்பு புற்றுக்குள் நுழைகிற மாதிரி மெஷினுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். இன்று தலையைக்கூட உள்ளே விடமாட்டார். கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து, அது நகராமல் இருக்க ஒரு செங்கல்லையும் முட்டுக்கொடுத்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

காரணம் கேட்டால் பேச்சை மாற்றுவார். அவரிடமிருந்து பாதியும் அவருடைய மச்சானிடமிருந்து மீதியுமாக நான் கறந்ததுதான் இது.

ஒரு பழைய மெஷினுக்கு ஜாய்ஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார் அண்ணன். அந்தக் கம்பெனி அதைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. புதிதாக வருவதைப் போட்டால் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கிறது. அசல் என்றால் இடது பக்கம் தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்த 'டக்'குக்காக இரண்டு வருஷமாக அலைந்தார். கடைசியில் ஒரு தகவல் கிடைத்தது. ஒரு கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். அதன் தரைக்கடித் தளத்தில் மூடிக் கிடக்கும் கேம் ஹாலில் பழைய மெஷின்கள் இருக்கின்றன. வேண்டியதைக் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் சாயங்காலத்துக்குள்.

மச்சானோடு வேனில் போய் இறங்கினார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. நாற்பது வயது, நாற்பத்தாறு அங்குல இடுப்பு.

காவல்காரர் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்தார். படிகளில் இறங்கினார்கள். ஜன்னலே இல்லாத ஹால். வரிசையாக மெஷின்கள், எல்லாவற்றிலும் பட்டன்கள் பிடுங்கப்பட்ட ஓட்டைகள். யாரோ முன்பே வந்து சுரண்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூலையில் ஒன்று மட்டும் முழுசாக நின்றது. இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற அகலமான மெஷின். இரண்டு பக்கமும் அசல் ஜாய்ஸ்டிக். திரைமேல் ஒரு அட்டை தொங்கியது: 'பழுது'.

"அத மட்டும் விட்டுருங்க சார்," என்றார் காவல்காரர்.

"ஏங்க?"

"பழுது சார்."

"அதுக்குத்தான எங்க பொழப்பே இருக்கு," என்று சிரித்தார் அண்ணன். காவல்காரர் சிரிக்கவில்லை. மேலே போய்விட்டார்.

ப்ளக்கைச் செருகியதும் திரை பளிச்சென்று உயிர் பெற்றது. இத்தனை வருஷம் கழித்து முதல் தட்டிலேயே! அண்ணன் சோதனைத் திரையை வரவழைத்தார். எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அதற்கான கட்டம் திரையில் எரியும். கழற்றுமுன் எது நல்லது, எது செத்தது என்று பார்த்துக்கொள்ளும் வழி.

முதல் ஆட்டக்காரரின் பக்கம் எல்லாம் எரிந்தது. இரண்டாவது பக்கத்துக்கு அவர் இன்னும் கையைக் கொண்டுபோகவில்லை...

அந்தப் பக்கத்துக் கட்டம் ஒன்று எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"மாமா, நான் தொடல," என்றான் மச்சான்.

"தெரியுது. சுவிட்ச் ஒட்டியிருக்கும்."

"பட்டன் கீழ போகவே இல்ல மாமா. ஆனா எரியுதே?"

அவன் கேட்டது சரிதான். பட்டனுக்கு அடியில், மெஷினுக்குள், ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மேலிருந்து அழுத்தினால் பட்டன் இறங்கும். உள்ளேயிருந்து விரலால் அந்தச் சுவிட்சைத் தட்டினால்தான் பட்டன் அசையாமல் கட்டம் எரியும்.

"எலியா இருக்கும்," என்றார் அண்ணன். சொல்லும்போதே அவருக்கு அது பிடிக்கவில்லை.

பின்கதவைச் சாவியால் திறந்தார். எலி இல்லை. எலிப்புழுக்கைகூட இல்லை. சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு உள்ளே நுழைந்து குந்தினார். முழங்கால் தாடையை இடித்தது. தலைக்கு மேல் திரையின் கனமான பின்பக்கம்.

இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் ஒவ்வொரு சுவிட்சாக அழுத்துவார். வெளியே நிற்பவர் திரையைப் பார்த்து, எரிகிறதா இல்லையா என்று குரல் கொடுப்பார்.

"பாத்துச் சொல்லு!"

"எரியுது!"

"இது?"

"எரியுது மாமா!"

முதலில் இரண்டாவது பக்கத்து ஜாய்ஸ்டிக்கைக் கழற்ற முடிவு செய்தார். அந்தப் பக்கத்து ஒயர்கள் எல்லாம் ஒரே கொத்தாக வந்து சேரும் இணைப்பைப் பிடுங்கினார். நட்டுகளைத் தளர்த்தினார். ஜாய்ஸ்டிக் மடியில் வந்து விழுந்தது. மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"இப்ப பாரு. இது?"

பதில் இல்லை. 'டொக்' என்று ஒரு தட்டு.

"வாயில என்ன பூட்டா? எரியுதா இல்லையா?"

டொக்.

மச்சான் விளையாடுகிறான். சரி, ஒரு தட்டு என்றால் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதிக்க, எதையும் அழுத்தாமலே கேட்டார்.

"இது?"

டொக், டொக். இரண்டு தட்டு. இல்லை.

பரவாயில்லையே, இவனுக்கும் மூளை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். இன்னும் நாலைந்து சுவிட்சுகளைப் பார்த்தார்கள். ஒரு தட்டும் தவறவில்லை. பத்து வருஷம் தொழில் பழகிய கை மாதிரி.

அப்போதுதான் வேர்த்தது. காற்றே இல்லை.

"டேய், பின்கதவு சாத்திக்கிச்சு போல. கொஞ்சம் திற."

டொக், டொக்.

"விளையாடாதடா. மூச்சு முட்டுது."

டொக், டொக்.

கையைப் பின்னால் நீட்டித் தள்ளினார். அசையவில்லை. டார்ச்சைத் திருப்பினார். பூட்டின் நாக்கு சட்டத்துக்குள் இறங்கியிருந்தது. பூட்டியிருக்கிறது. இந்தக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளாது. வெளியேயிருந்து சாவி போட்டுத் திருப்ப வேண்டும்.

சட்டைப்பையைத் தொட்டார்.

சாவிக்கொத்து அங்கேதான் இருந்தது.

சாவித்துளை கதவுக்கு அந்தப் பக்கம்.

அந்த நேரம் எங்கோ தூரத்தில்... மேலே, படிகளுக்கும் அப்பால்... ஒரு குரல். வேன் டிரைவரோடு சத்தமாகப் பேசும் குரல். "அஞ்சு நிமிஷம் பொறுங்கண்ணே, மாமா உள்ள வேலையா இருக்காரு!"

மச்சானின் குரல்.

அப்படியானால் இங்கே...

டொக்.

அது முன்பக்கத்திலிருந்து வரவில்லை. பின்பக்கத்திலிருந்தும் இல்லை.

இடது தோளுக்கு அருகில்.

உள்ளே.

டார்ச் மங்கியது. அணைந்தது. காதருகே சூடாக ஒரு மூச்சு. உருக்கிய ஈயத்தின் வாடை.

கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி கத்தினார். சத்தமே இல்லை. தொண்டையை யாரோ கழற்றி எடுத்துக்கொண்ட மாதிரி...

காலை உதைக்க இடம் இல்லை. கையை வீச இடம் இல்லை.

விரல்கள் மட்டும்தான் பாக்கி.

முகத்துக்கு எதிரே இருந்த சுவிட்சுகளை அழுத்தினார். யாராவது திரையைப் பார்க்க மாட்டார்களா... அழுத்தினார், அழுத்தினார்.

பக்கத்தில் இன்னொரு விரலும் அழுத்தியது.

டிக்.

டிக்.

ஒயர் பிடுங்கிய பக்கத்தில்.

டிக். டிக். டிக்...

கதவு பிளந்தது. வெளிச்சம். மச்சான் கையில், இடிப்பு வேலைக்காக வைத்திருந்த கடப்பாரை. அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான்.

தரையில் கிடந்து இருமி இருமித்தான் அவருக்குக் குரல் திரும்பியது.

"எப்படிடா... தெரிஞ்சுது?"

மச்சான் கடப்பாரையைக் கீழே போட்டான். "தெரியல மாமா. வந்து பாத்தா திரையில ரெண்டு பக்கமும் தாறுமாறா எரியுது. மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு, பின்கதவும் சாத்தியிருந்துச்சு, நீங்க எழுந்து எங்கயோ போயிட்டீங்கன்னு நெனச்சேன். ப்ளக்கப் பிடுங்கத்தான் கைய வெச்சேன்..."

"அப்புறம்?"

"யாரோ என் கையில ஓங்கி அடிச்சாங்க. திரும்பினா யாரும் இல்ல. நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு அப்பத்தான் உறைச்சுது."

முன்கையை நீட்டினான். நாலு விரலின் சிவப்புத் தடம். தடத்தின் நுனிகள் கறுத்து, ஈயப் பற்று வைக்கிறவர்களின் கை பதிந்த மாதிரி.

அண்ணன் எழுந்தார். தன்னோடு வெளியே வந்து விழுந்திருந்த ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். இரண்டு வருஷம் தேடிய பொருள். அதை மெஷின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

காவல்காரர் அவர்களுடைய முகங்களைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இங்க ஒரு மெக்கானிக் இருந்தாரு சார். பேச வராது. தட்டித்தான் சொல்லுவாரு. ஒண்ணு தட்டுனா ஆமா, ரெண்டு தட்டுனா இல்ல. ஒரு லீவு நாளு, ஹால் நிறையக் கூட்டம். அவரு அந்த மெஷினுக்குள்ள குந்தி வேலை பாத்துட்டு இருந்தாரு. கதவு திறந்திருந்தா பசங்க கைய விட்டுருவாங்களேன்னு, அந்த வழியா வந்த முதலாளி சாத்திப் பூட்டிட்டுப் போயிட்டாரு. உள்ள ஆள் இருக்கறது தெரியல."

"தட்டியிருப்பாரே?"

"தட்டியிருப்பாரு. அம்பது மெஷின் சத்தத்துல எது கேக்கும்?"

காவல்காரர் தண்ணீர்ச் செம்பைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்தார்.

"ஆனா ஆடுனவங்க வந்து சொன்னாங்க சார். ஒருத்தர் இல்ல, நாலு பேரு. ரெண்டாவது பக்கத்துல ஆளே இல்ல, தானா ஆடுதுன்னு. முதலாளி வந்து பாத்தாரு. பழுதுன்னு அட்டையை மாட்டினாரு."

குரலைத் தாழ்த்தினார்.

"மாட்டிட்டு, ப்ளக்கப் பிடுங்கிட்டாரு."