முன்சக்கரத்துக் காத்து

அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குக் காத்தக்கா என்றுதான் பேர். இருந்தது ரெண்டு பேர் உட்காருகிற குட்டி விமானம் ஒன்றே ஒன்று. அதைத் துடைப்பது, தள்ளுவது, சக்கரத்துக்குக் காற்றடிப்பது எல்லாம் அவள் தலையில். மெக்கானிக் சீக்கிரமே ஓய்வு பெறப்போகிறார். அந்த இடம் தனக்குத்தான் என்று அவள் மலைபோல நம்பியிருந்தாள். முதலாளியும், "உனக்கில்லாம யாருக்கு?" என்று சொல்லி வைத்திருந்தார். வாய் வார்த்தைதானே, அவருக்கென்ன!

முன்சக்கரத்தில் ஒரு தொல்லை. ஒரு ராத்திரி நின்றால் போதும், கொஞ்சம் காற்று இறங்கிவிடும். வால்வில் சோப்புத் தண்ணி விட்டுப் பார்த்தாள். ஒரு குமிழ்கூட வரவில்லை. உள்ளே ட்யூப் பழசு, ரப்பர் வழியாகவே கசிகிறது, மாற்றினால்தான் தீரும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னாளா? மூச்சு விடவில்லை. குறை சொல்கிறவர்களைக் கண்டாலே முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலை கைக்கு வருகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று, தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து அளவு பார்த்துக் காற்றடித்து வைத்தாள்.

"வாயத் திறந்து சொல்லித் தொலையேன்" என்றான் புருஷன்.

"மெக்கானிக் ஆனதும் முதல் வேலையா நானே மாத்திடுறேன்" என்றாள். எப்பேர்ப்பட்ட கணக்கு பாருங்கள்!

அவனுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. சில நாள் லீவு போட்டாள். போகும்போது பயிற்சியாளரிடம், "சார், முன்சக்கரத்தக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள்.

அவர் சிரித்தார். "அது என்னிக்கு குறைஞ்சிருக்கு? நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க."

அவள் திரும்பி வருவதற்குள் ஆகிவிட்டது. தரையிறங்கும்போது சக்கரம் சப்பென்று அமுங்கி, விமானம் புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய், மூக்கில் சுழலும் விசிறி வளைந்து கிடந்தது. ஓட்டிய மாணவனுக்கு உதடு கிழிந்திருந்தது.

"இத்தன வருஷமா குறையாத காத்து, நீ இல்லாதப்ப மட்டும் எப்படிக் குறையும்?" முதலாளி கத்தினார். "என்ன பண்ணிட்டுப் போன?"

"தினமும் குறைஞ்சுது சார். நான்தான் அடிச்சு வெச்சேன்."

"அப்ப தெரிஞ்சே மறைச்சிருக்க!"

இந்தப் பக்கம் போனாலும் அடி, அந்தப் பக்கம் போனாலும் அடி. அவள் எங்கே போவாள்?

மெக்கானிக்காக வெளியாள் ஒருத்தன் வந்தான். வந்ததும் புது ட்யூப் கேட்டான்; மறுபேச்சில்லாமல் வந்து இறங்கியது. அவளுக்குத் துடைப்பம் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் போய்ச் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது. வயிறு எரிந்தது அவளுக்கு.

"பாத்தியா?" என்றார் பின்னால் வந்த முதலாளி. "அவன் கேட்டான், குடுத்தேன். நீ ஒரு நாளாவது கேட்டியா?"

கேட்கவில்லைதான். அந்த மனுஷன் சொன்னது உண்மையாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவே இல்லை.