அத்தை வெளுத்த வருஷம்

அத்தைக்கு நிறம் மாறுகிறது என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இரண்டு அறைகள். ஒன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும், மற்றது அப்பாவின் தங்கையான அத்தைக்கும் எனக்கும். எங்கள் இருவருக்கும் ஒரே பாய், ஒரே போர்வை, முகம் துடைக்க ஒரே துண்டு. அத்தையின் கழுத்தடியில் முகம் புதைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அப்படிப் புதைத்தபோதுதான் ஒருநாள், முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக இருப்பதைப் பார்த்தேன்.

அத்தை ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மாதா கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவில் பாடுவாள். கறுப்பு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டோம், மாநிறம் என்போம். பெண் பார்க்க வந்தவர்களும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கேசரி சாப்பிட்டுவிட்டு, சிரித்துப் பேசிவிட்டு, மறுநாள் போன் செய்வார்கள். "பொண்ணு நல்ல பொண்ணுங்க. எங்க பையன்தான் கொஞ்சம் கலரா எதிர்பார்க்கிறான்."

மூன்றாம் வீட்டிலிருந்தும் இதே பதில் வந்தபோது அத்தை கேசரிக் கிண்ணங்களைக் கழுவி அடுக்கினாள். அம்மாதான் தாங்கமாட்டாமல் போனாள். எனக்கு வளையல் வாங்கப் போகிறேன் என்று மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள கடைவீதிக்குப் போனவள், வளையலோடு ஒரு சின்ன டப்பாவையும் வாங்கி வந்தாள். தங்க நிற மூடி. மேலே எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. அப்படிப் படிக்க முடியாமல் இருந்ததே அதன் உயர்வுக்குச் சான்றாக எங்களுக்குத் தோன்றியது. "வெளிநாட்டுச் சரக்காம். கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்களாம். படுக்கப் போகும்போது பூசிக்க, பாப்பா" என்று அத்தையிடம் கொடுத்தாள். அம்மாவுக்கு அத்தை எப்போதும் பாப்பாதான்.

அந்தக் கிரீம் சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. சில வாரங்களிலேயே அத்தையின் முகம் தெளிந்து, மினுங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா என்ன சோப்பு என்று விசாரித்தாள். டப்பா தீர்ந்ததும் அம்மா அடுத்த டப்பா வாங்கி வந்தாள். எனக்கும் பூசிவிடச் சொல்லி அடம்பிடித்தேன். "சின்னப் பிள்ளைக்கு எதுக்குடி?" என்று அத்தை மறுத்துவிட்டாள். அதில் எனக்குப் பெரிய வருத்தம்.

மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த நான்காம் வீட்டார் உடனே சம்மதம் சொன்னார்கள். கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள் என்று சாமியார் பூசையில் அறிவிக்கும் ஓலை. மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் கல்யாணம். அத்தை அன்று பாடவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களெல்லாம் அவள் கன்னத்தைத் தொட்டு, "கல்யாணக் களை வந்துருச்சு பாரு, எப்படிப் பூரிச்சுப் போயிருக்கா!" என்றார்கள்.

பூரிப்புதான். காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு இமைகள் பூரித்திருந்தன. அளவெடுத்துத் தைத்த கல்யாண ரவிக்கை கையில் ஏறவில்லை. தையல்காரரைத் திட்டினோம். செருப்பும் நுழையாமல் போனபோது திட்ட ஆளில்லை. கணுக்காலில் அம்மா விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது. அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்து எனக்கும் பயமாகிவிட்டது.

எனக்கும் அந்த நாட்களில் உடம்பு சரியில்லை. கால் வலிக்கிறது என்று அழுவேன். விரல் நுனிகளில் தோல் உரிந்தது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நாடகம் என்றார் அப்பா. முன்பு நான் அப்படிப் பல நாடகங்கள் நடத்தியிருந்ததால் அவர் மேல் குறை சொல்ல முடியாது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அத்தையின் சிறுநீரைச் சோதித்துவிட்டு, உடம்பில் தங்க வேண்டிய சத்தெல்லாம் வெளியே போகிறது, சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. அத்தையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்துல என்னம்மா போடுறீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர். பவுடர்தான்."

"தங்க மூடி கிரீம்!" என்றேன் நான், மறந்துபோனதை எடுத்துக்கொடுக்கும் உதவி மனப்பான்மையோடு. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரின் கண் என் கைவிரல்களுக்கு வந்தது. "நீ எங்க படுப்பே?"

"அத்தைகூட."

"வீட்டுல யாராச்சும் மாசமா இருக்காங்களா?" என்று அம்மாவைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். "அதுவரைக்கும் நல்லதுங்க. இந்த மாதிரி கிரீம்ல பாதரசம் கலக்குறாங்க. பூசுறவங்களோட நிக்காது. தலகாணி, துண்டு, பக்கத்துல படுக்குற பிள்ளை, எல்லாத்துக்கும் போகும். வயித்துல பிள்ளை இருந்தா அதுக்கும் போகும். இவளுக்கும் சேர்த்து டெஸ்ட் எடுத்துருவோம்."

ரத்தமும் சிறுநீரும் வெளியூர் லேபுக்குப் போயின. என் உடம்பிலும் பாதரசம் இருப்பதாக முடிவு வந்தது. எனக்கு அதில் ரகசியமான பெருமை. தெர்மாமீட்டருக்குள் மின்னுமே, அந்த வெள்ளி எனக்குள் ஓடுகிறது என்று பள்ளியில் சொல்லிவைத்தேன். தோழிகள் என் கையை வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்.

டாக்டர் சொன்னபடி அம்மா டப்பாவையும், தலையணை, துண்டு, போர்வை எல்லாவற்றையும் பையில் போட்டு இறுகக் கட்டி ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தாள். மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. "உடம்பு சரியாகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்ற மாப்பிள்ளை வீட்டார் அப்புறம் பார்க்கவேயில்லை. அத்தை அதற்கு அழுததாக எனக்கு நினைவில்லை. மாத்திரை தின்றாள், உப்பில்லாமல் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள். வீக்கம் மெல்ல வடிந்தது. முகமும் தன் நிறத்துக்கே திரும்பியது. என் கால்வலியும் எப்போது போனதென்று தெரியாமல் போயிற்று. பல வருஷம் கழித்து, தன் அலுவலகத்தில் வேலை பார்த்தவரையே அத்தை கட்டிக்கொண்டாள். கல்யாணப் படத்தில் முகத்தைக் கொஞ்சம் 'பிரைட்' பண்ணித் தரட்டுமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டபோது, "இருக்கிறபடி இருக்கட்டுங்க" என்றாளாம்.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது, கடைசிப் பரிசோதனையின் முடிவு வந்த அந்தச் சாயங்காலம்தான். இருவருக்கும் இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் நான், நடுவில் அத்தை, ஓரத்தில் அம்மா. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அம்மா, யாரிடமோ சொல்வதுபோல, "நான்தானே வாங்கிட்டு வந்தேன்" என்றாள்.

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அண்ணி. கலரானாதான் எனக்கு நல்லதுன்னு எல்லாரையும் போல நீங்களும் நெனைச்சீங்க, அவ்வளவுதானே."

மிக மென்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த மாதங்களில் ஒரு நாளும் எங்கள் முன் கண் கலங்காத அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை திட்டவில்லையே, ஆறுதலாகத்தானே சொன்னாள் என்று அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அதில் அழ வைக்கிற வார்த்தை எதுவென்று, பஸ் சத்திரம் வந்து சேரும்வரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.