இரண்டு தரம் கூட்டிய கரை

அந்த மாதம் முழுக்க என்னால் ஓரிடத்தில் இருக்கவே முடியவில்லை. எங்கள் இளைஞர் அமைப்பின் கண்டக்குழிக் கிளைக்கு நான் செயலாளர். ஒவ்வொரு கிளையும் தான் செய்த வேலைகளைப் படங்களோடு ஒரு இணையத்தளமாகப் போடவேண்டும், போடாத கிளை பக்கத்துக் கிளையோடு சேர்க்கப்படும் என்று கொழும்பிலிருந்து தலைமையகம் கடிதம் அனுப்பியிருந்தது. பக்கத்துக் கிளை என்றால் புத்தளம் டவுன். டவுன்காரரின் கூட்டத்தில் பின்வரிசைக் கதிரையில் போய் இருப்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சூட்டில், "வெப்சைட்தானே, ரெண்டு கிழமையில முடிச்சுத் தாறன்" என்று கூட்டத்தில் வாயை விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்து, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம் அது. வெள்ளைக்காரர் வந்த வேகத்தில் இன்டர்நெட் வரவில்லை. டொங்கிளை ஜன்னல் கம்பியில் நூலால் கட்டி, சிக்னல் வருகிறதா என்று எழும்பி எழும்பிப் பார்ப்பேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வரலாம். "முட்டையிட இடம் தேடுற கோழி மாதிரி என்னத்துக்கு இப்படி அலையிறாய்?" என்று வாப்பா கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாகவே வந்தது.

முகப்பு முடிந்தது. நிர்வாகிகள், தொடர்பு எல்லாம் முடிந்தது. 'எமது பணிகள்' என்ற பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நாங்கள் வேலை செய்யாமல் இல்லை. மூன்று கிழமைக்கு முன்புதான் கரையைச் சுத்தம் செய்திருந்தோம். எங்கள் கரையில் கரைவலை வைத்திருந்த சம்மாட்டி நானா, வலை இழுக்கும் தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்து எங்களோடு குனிந்து நின்றார். வலைச் சாமான் வைக்கும் அவருடைய வாடிக் குடிலின் கூரையிலிருந்து கழற்றிப்போட்ட, நீலம் பூசிய பழைய தகரம் ஒன்று மணலில் கிடந்தது. அதையும் அவரே தூக்கி வந்து, தென்னைகளுக்குப் பின்னால் வெட்டிய கிடங்குக்குள் போட்டார். ஆனால் ஒருத்தரும் ஒரு படம் எடுக்கவில்லை. கை முழுக்க நாற்றம், போனைத் தொட யாருக்கு மனம் வரும்? கிடங்கை வெள்ளிக்கிழமை மண் போட்டு மூடுவோம் என்று விட்டோம். அந்த வெள்ளிக்கிழமை வரவேயில்லை.

கிளைத் தலைவரிடம் போய்க் கத்தினேன். அவர் என் வயதுக்காரர்தான், எதற்கும் பதறமாட்டார்.

"திரும்ப ஒருக்காக் கூட்டுவமே" என்றார்.

"கரை சுத்தமாக் கிடக்கு. எதைக் கூட்டுற?"

அவர் கிடங்கு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். யோசனை அவருடையது. ஆனால் மண்வெட்டியை முதலில் எடுத்தவன் நான்.

சனிக்கிழமை விடிந்ததும் நாலைந்து பேர் சேர்ந்து குப்பையை எல்லாம் வெளியே இழுத்து மணலில் பரப்பினோம். படம் பிடிக்கிறவனாகவும் நானே நின்றேன். குப்பை கரையின் மேட்டில் கிடந்ததால் படத்தில் கடல் தெரியவில்லை. ஆகவே போத்தல்களையும் பிளாஸ்டிக் பைகளையும் அந்த நீலத் தகரத்தையும் அலை தொடும் இடத்துக்கு நகர்த்தினேன். கடல் குழம்பிப் பத்து நாளுக்கு மேல் வலை இறக்காமலிருந்த சம்மாட்டி நானா, அன்றுதான் இறக்கியிருந்தார். தெற்குப் பக்கத்தில் தூரத்தே தோணி வலையை வளைத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டேன். படத்துக்குப் பின்னணி நன்றாக அமைந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்றைய என் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையவேண்டும் போலிருக்கும்.

நாங்கள் படம் எடுத்து முடிப்பதற்குள் வாடைக்காற்று பைகளைக் கடலுக்குள் ஓட்டிவிட்டது. அலை தகரத்தை இழுத்துக்கொண்டது. எட்டிப் பிடிக்கப்போனவன் இடுப்பளவு நனைந்து வெறுங்கையோடு திரும்பினான். மிச்சத்தை அள்ளி அவசரமாகக் கிடங்குக்குள் தள்ளினோம். அதற்குள் நீரோட்டம் வலையை எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. இழுக்கிறவர்களும் கயிற்றோடு எங்களை நோக்கி நடந்து வந்தார்கள்.

மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வந்தபோது கனமாகத்தான் வந்தது. கடைசி அலையில் அது எதிலோ சிக்கிக் கிழிந்தது. உள்ளே மின்னிய மீனெல்லாம் நுரையோடு நுரையாகத் திரும்பிப் போனது. எஞ்சியது ஒரு கூடை சூடை மீனும் எங்கள் பைகளும்தான். பத்து நாளாக இந்த ஒரு வலையிழுப்பை நம்பியிருந்த வீடுகள் வலை இழுத்தவர்களுடையவை. சம்மாட்டி நானா கிழிசலுக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பையை வெளியே எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் படம் எடுத்தேன். வெட்கத்தில் என் முகம் எரிந்தது, கை மட்டும் தன்பாட்டில் எடுத்தது.

அந்தப் படத்தை முகப்பில் போட்டு, 'கடலில் வீசப்படும் குப்பைக்கு விலை கொடுப்பவர் யார்?' என்று கீழே எழுதினேன். தலைமையகத்திலிருந்து போன் வந்தது. இப்படியொரு படம் எந்தக் கிளையிடமும் இல்லையாம். எங்கள் கிளை தப்பியது. கூட்டத்தில் எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நான் மட்டும் ஒரு நாளில் பத்துத் தரம் அந்தப் பக்கத்தைத் திறப்பேன், மூடுவேன். படத்தை எடுத்துவிட நினைப்பேன். டவுன் கூட்டத்தின் பின்வரிசைக் கதிரை நினைவுக்கு வரும். விட்டுவிடுவேன்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு சம்மாட்டி நானா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எண்ட படம் கம்பியூட்டர்ல இருக்காமே. காட்டுங்க தம்பி."

கதிரையை இழுத்துப் போட்டேன். பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. அதற்குள் உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். படம் முழுதாக வந்ததும் சம்மாட்டி நானா சிரித்தார். பிறகு முன்னால் குனிந்தார். படத்தின் மூலையில், வலையின் கயிற்றுக்குக் கீழே, ஏதோ நீலமாகத் தெரிந்தது. நூறு தரம் பார்த்தும் அது என் கண்ணில் பட்டிருக்கவில்லை.

"இது எண்ட வாடித் தகரமெல்லா?" என்றார். "நானே கொண்டுபோய்க் கிடங்குல போட்டன். இது எப்படிக் கடலுக்குப் போச்சு?"

"கடல் பொங்கினதுதானே நானா, அது இழுத்திருக்கும்" என்றேன்.

தென்னைக்குப் பின்னால் இருந்த அந்தக் கிடங்குக்கு எந்தக் கடலும் ஒரு நாளும் வந்ததில்லை. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தேத்தண்ணியைக் கடைசி மிடறு வரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம், இழுத்திருக்கும்" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அடுத்த முறை கரையக் கூட்டக்குள்ள சொல்லுங்க தம்பி. கிடங்கை நான் நிண்டு மூடித் தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கரையைக் கூட்டவேயில்லை. அவரை நான் கூப்பிடவேண்டி வரும் என்பதால், அந்தப் பேச்சு எழும்பிய ஒவ்வொரு கூட்டத்திலும் நான்தான் ஏதாவது சொல்லி அதைத் தள்ளிப்போட்டேன்.