பதினேழாம் மரத்து இலை

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இலை உலர்த்தும் அறை அவளுடைய ராஜ்யம். கணவன் மரமேறி, எல்லோரும் அவனை அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் உச்சியிலிருந்து பறித்து வரும் இலைகளை அவள் அளந்து, எழுதி, பழைய நாளிதழுக்குள் வைத்துப் பலகையால் அழுத்துவாள். இருபது வருஷமாக இதே பிழைப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டே சொல்லிவிடுவாள். பெரிதாய், மெல்லிசாய், நுனி வாலாக நீண்டிருந்தால் மலையின் மழைச் சரிவு. சின்னதாய், தோல் மாதிரி தடித்திருந்தால் வறண்ட சரிவு. இனம் ஒன்றுதான். ஆனால் வறண்ட பக்கத்தில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்த மரங்களே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து விதை போட்டன, ஊதாரி மரங்கள் கருகிப்போயின. படித்தவர்கள் பத்துப் பக்கம் எழுதுவதை அவள் விரல் ஒரு நொடியில் படித்துவிடும்.

அந்த விரல் பட்டதும்தான் போன மாதம் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வறண்ட சரிவு, பதினேழாம் மரம் என்று சீட்டு ஒட்டி வந்த இலைகள் அகலமாய், தளதளவென்று இருந்தன. எந்த மரத்திலும் கீழ்க்கிளை நிழலில் வளரும் இலை அப்படித்தான் இருக்கும். அதனால்தான் வெயில் படும் உச்சி இலையை மட்டும் எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மனுஷன் பாதியிலேயே திரும்பியிருக்கிறான்! வலது கையில் பிடிப்பில்லாமல் வீட்டில் இரண்டு முறை டம்ளரைக் கீழே போட்டவன், வேலையிடத்தில் மூச்சே விடவில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டு அளவை எழுதினாள். பாழாய்ப்போன பாசம்.

இன்று காலை இளம் ஆய்வாளரம்மா தாளும் கையுமாக ஓடிவந்தாள்.

“அக்கா, இந்தப் பதினேழு வெயிலுக்கே அடங்காத மரம் போல! இதோட விதையை எடுத்து நட்டுப் பார்க்கப் போறோம். அதுக்கு முன்னாடி அண்ணன் இன்னொரு தடவை ஏறி இலை எடுக்கட்டும். நானும் கூட வர்றேன்.”

அவன் இருந்த கொட்டகைக்கு ஓடினாள்.

“என்னங்க, உண்மையைச் சொல்லிடுங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டு ஏற வேணாம்.”

“என்னத்தச் சொல்ல? அணிலுக்கு ஏற வரலைன்னா? நீ வாயைத் திறந்தா அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காதே.”

சொன்னவன் இடுப்பில் வாரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

பத்து ஆள் உயர மரம். முதல் கவட்டை வரை சரசரவென்று ஏறினான். அதற்கு மேலே வலது கையை நீட்டிக் கிளையைப் பற்றினான். விரல்கள் தாமாகவே விரிந்தன. உடம்பு ஒரு பக்கமாகச் சாய, மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் அதே கை மறுபடி மேலே போனது.

“மேடம், அது நிழல் இலை!” அவள் கத்தினாள். “போன தடவை இவரு மேல போகவே இல்லை. தெரிஞ்சும் நான்தான் எழுதினேன். இறங்கச் சொல்லுங்க!”

ஆய்வாளரம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இறங்குங்கண்ணே,” என்றாள். “இனிமே நீங்க ஏற வேணாம்.”

அவன் இறங்கி வர வெகுநேரம் ஆனது. மனைவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாரின் கொக்கியைக் கழற்றப் பார்த்தான். வலது கை ஒத்துழைக்கவில்லை, இடது கைக்குப் பழக்கமில்லை. இருபது வருஷத்தில் அந்தக் கொக்கியை அவன் யாரையும் தொடவிட்டதில்லை. அவள் கிட்டே போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் விலகவில்லை. அவள் கொக்கியைக் கழற்றினாள்.