முதுகு காட்டி நிற்கும் அம்மா

சுருளிப்பட்டியில் அம்மா கூலிக்குப் போன திராட்சைத் தோட்டத்தில் ஒரு சினிமா எடுத்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பழம் வெட்ட வந்திருந்த பெண்களையே காட்சியிலும் நிற்க வைத்தார்கள். அம்மாவும் நின்றாள்.

படம் கம்பத்துக்கு வந்ததும் தெருவே கிளம்பிப் போனோம். காதலித்தவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்ற சேதி கேட்டு, கதாநாயகி திராட்சைப் பந்தலுக்கடியில் உட்கார்ந்து அழுவாள். நானும் கூடவே அழுதேன். அழுத அழுகையில், அவள் பின்னால் அம்மா நின்றதையே கவனிக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அம்மாவைப் பார்ப்பதற்காகவே அந்தப் படத்தைப் பார்த்தேன். தியேட்டரில், டிவியில், பிற்பாடு போனில். பார்க்கப் பார்க்கக் கதை தேய்ந்துபோனது. சிரிப்புக் காட்சிகளில் சிரிப்பு வரவில்லை. கதாநாயகியின் தலையில் இருக்கும் பூ, அழுகைக்கு நடுவே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறுவதுதான் கண்ணில் பட்டது. ஒரு காலத்தில் என்னை அழவைத்தவள், கடைசியில் அம்மாவைப் பாதி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தி ஆகிவிட்டாள்.

அம்மாவும், அவள் அழத் தொடங்கியதும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். மற்ற பெண்களின் முகமெல்லாம் பளிச்சென்று தெரியும். "ஒங்கம்மாவுக்குக் கேமராவக் கண்டதும் வெக்கம்" என்று கேலி செய்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கல்யாணமாகிக் கூடலூர் போனேன். என் வீட்டுக்காரர் குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். அந்தப் படத்தை அவர் பார்த்ததில்லை. இந்தப் பொங்கலுக்கு அம்மா வீட்டில் இருந்தபோது டிவியில் போட்டார்கள். பந்தல் காட்சியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"அத்த, எல்லாரும் அந்தப் பொண்ணையே பாக்குறாக. நீங்க மட்டும் ஏன் திரும்பிக்கிட்டீக?"

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அழுகுற பிள்ளையச் சுத்தி நின்னு வேடிக்க பாக்கலாமா மாப்ள?"

"அது நடிப்புதான அத்த?"

"நடிப்புன்னு தெரியும். கண்ணுல தண்ணி நெசமா வந்துச்சே. திரும்பத் திரும்ப எடுத்தாக. ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ள அழுதுச்சு. எல்லாரும் அதையே பாக்கணும்னு டைரக்டரு சொன்னாரு. எனக்கு மனசு வரல."

"ஒன்ன வையலையாம்மா?" என்று நான் கேட்டேன்.

"வஞ்சாக. பெறகு அந்தப் பிள்ளயே சொல்லிருச்சு, அந்த அக்கா அப்பிடியே நிக்கட்டும்னு."

வசனமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு, அம்மாவிடம் இதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. முதல் தடவை பார்த்தவர் கேட்டுவிட்டார்.

கூடலூர் திரும்பியதும் போனில் அந்தக் காட்சியைப் போட்டேன். அத்தனை பேர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மெதுவாகத் திரும்பி, கொத்து ஒன்றைப் பிடித்து வெட்டினாள். பல வருஷத்துக்குப் பிறகு அந்தப் படம் என்னை அழவைத்தது. இந்தத் தடவை கதாநாயகிக்காக இல்லை.

இப்போது அக்கம்பக்கத்தாரை நானே கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

"ஒங்கம்மா மொகமே தெரியலயே" என்கிறார்கள்.

"தெரியாது" என்கிறேன். "அந்தப் பொண்ணு சங்கடப்படக் கூடாதுன்னு திரும்பி நிக்கிது."

அவர்கள் இன்னொரு முறை போடச் சொல்கிறார்கள்.