இரட்டைத் தேதிகள்

கழக்கூட்டத்து ஃப்ளாட்டில் பேத்தி கார்ட்டூன் பார்க்கிறாள். விண்வெளியைத் தனியாகவே ஜெயிக்கப் புறப்பட்ட ஹீரோவின் விண்கலம் பழுதாகிவிட்டது. அதன் வாலில் எரிந்த தீ என்னைக் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்கு இழுத்துப்போனது.

எனக்கு அப்போது பத்து வயது. அடுத்த வீட்டுச் சுந்தரியும் நானும் பழைய காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம், சந்திரனுக்குப் போகும் ராக்கெட்டை வரைந்தோம். ஒற்றைத் தேதிகள் எனக்கு, இரட்டைத் தேதிகள் அவளுக்கு. வரிசையாக அடுக்கி, நூலால் கட்டி, சரசரவென்று புரட்டினால் ராக்கெட் பறக்கும். அதன் ஜன்னலில் தெரியும் வீரன் நான்தான்.

அம்மா புரட்டிப் பார்த்தாள். "கொள்ளாமே, நன்னாருக்கே! சுந்தரி போட்ட தீ அசலா எரியறதுடா!"

என் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அவளுடைய தாள்களை உருவிவிட்டு, என்னுடையதை மட்டும் கட்டி அப்பாவிடம் காட்டினேன். ராக்கெட் பறக்கவில்லை, தவளை மாதிரி தத்தித் தத்திப் போனது.

"என்னடா, இதுக்கு விக்கலா?" என்று அப்பா சிரித்தார்.

வாசலில் நின்ற சுந்தரி சிரிக்கவில்லை. திரும்பிப் போனாள். அப்புறம் வரவேயில்லை.

அன்று சாயங்காலம் அவள் தாள்களை மட்டும் கட்டிப் புரட்டினேன். அதுவும் தத்தியது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

"தாத்தா, ஹீரோ ஸாரி சொல்லியாச்சு! எல்லாரும் ஃபிரண்ட்ஸ் ஆயாச்சு!" என்று பேத்தி கை தட்டுகிறாள்.

அரை மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டான், பாவி. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.